பள்ளிக்கூடம் நிற்கும் மண்

கேரளத்தில் எய்டட் பள்ளி என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி என்பார்கள். சம்பளம் சர்க்கார் தருகிறது. பாடமும் பரீட்சையும் சர்க்காருடையவை. நிலமும் கட்டடமும் மட்டும் பள்ளியை நடத்தும் மேனேஜருடையவை. அவை அவர் கையில் இருப்பதால் ஆசிரியரை நியமிக்கும் உரிமையும் அவருக்கே போகிறது. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால்தான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வரலாறு புரியும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, உதியன்குளங்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில், பள்ளிக்கூடத்தின் பேரில் நடந்த போட்டிகளில் பெரும்பாலானவை இடத்துக்கான போட்டிகள். யாருடைய விளையில் கொட்டகை எழும்புகிறது, எந்தத் தெருவில் எழும்புகிறது, அதன் வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது.

நான் இந்தப் பக்கத்தில் நான்காம் வகுப்பு வரையிலான ஓர் எய்டட் எல்.பி. பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம் என்றே வாழ்ந்தேன். என் பாட்டா பனையேறி. அவர் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. என் அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியாரானார். ஒரே தலைமுறையில் எங்கள் குடும்பத்துக்கு அந்த வாசல் திறந்தது என்றால், யாரோ ஒருவர் எங்கோ கொஞ்சம் மண்ணை விட்டுக் கொடுத்ததால்தான். அந்த மண்ணுக்காகப் போட்டி போட்டவர்கள் பலர். அவர்களில் நெறியோடு போட்டி போட்டவர்களும் இருந்தார்கள். அந்த நெறியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சபையும் சர்க்காரும்

திருவிதாங்கூரில் கல்விச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-ல் நீட்டு வெளியிட்டார். இந்தியச் சமஸ்தானங்களில் இப்படி ஓர் அறிவிப்பு அத்தனை சீக்கிரம் வந்தது பெரிய விஷயம். ஆனால் அந்தச் செலவில் நடந்த பள்ளிகளுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நுழைய முடியவில்லை. சாணார், ஈழவர், பறையர், புலையர் பிள்ளைகளுக்கு வேறு இடம் வேண்டியிருந்தது.

அந்த இடத்தை லண்டன் மிஷன் சபை தேட ஆரம்பித்தது. அதன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் வந்து மயிலாடியில் தங்கினார். சார்லஸ் மீட் 1818-ல் நாகர்கோவிலுக்கு வந்தார். ராணி அவருக்கு ஒரு பங்களாவைக் கொடுத்து, செமினரியை நடத்த வருமானம் வரும்படி வயல் வாங்க 5000 ரூபாயும் தந்தார். பள்ளிக்கூடத்துக்கு முதலில் மண் வேண்டும், மண்ணிலிருந்து வரும் நெல்லில் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும் என்ற கணக்கு அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது. மீட் பின்னாளில், 1855-ல், திருவிதாங்கூர் சர்க்காரின் பள்ளிக்கூடங்களுக்கே மேற்பார்வையாளராக ஆனார்.

பாறசாலை மிஷன் நிலையம் 1845-ல் ஜான் ஆப்ஸ் காலத்தில் தொடங்கியது. அதன் பிறகுதான் எங்கள் ஊர்களுக்குள் சபைப் பள்ளிகள் பரவின. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் என்று ஒரே கொட்டகை இரண்டு வேலை பார்த்தது. மண்சுவர், பனையோலைக் கூரை, தரையில் மணல். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்தார்கள். இத்தனை எளிய ஒரு கொட்டகைக்குக்கூட இடம் கிடைப்பது சுலபமாக இருக்கவில்லை. பனையேறிக் குடும்பங்கள் பலவும் அடுத்தவர் நிலத்தில் பாட்டத்துக்கு இருந்தன. பாட்டக்காரன் ஜென்மி சம்மதம் இல்லாமல் ஒரு மூலையைக்கூட எழுதிக் கொடுக்க முடியாது. போதாததற்கு, சாணார் பெண்கள் மேலாடை அணிவதைப் பற்றி எழுந்த தோள்சீலைக் கலவரத்தை அடுத்து 1829 பிப்ரவரியில் வந்த அறிவிப்பு, புதிதாக வழிபாட்டு இடம் கட்ட முன்கூட்டியே சர்க்கார் அனுமதி வேண்டும் என்றது. கோயிலே பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் அந்த உத்தரவு பிள்ளைகள் தலைக்கு மேலிருந்த கூரைக்கும் சேர்த்தே போட்ட பூட்டு.

1820-களின் கடைசியிலும் மறுபடி 1858–59-லும் தோள்சீலைக் கலவரங்களில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. பெண்கள் மேலாடை அணிவதை எதிர்த்தவர்கள் பள்ளிக்கூடத்தை ஏன் எரிக்க வேண்டும்? மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1859 ஜூலையில் மேலாடை உரிமையை ஓரளவு ஒப்புக்கொண்டு அறிவிப்பு வந்தபோது, எரிந்த இடங்களில் மறுபடி கால் நட்டு ஓலை மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

வாடகை வீட்டு வாசல்

சொந்த மண் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு என்ன நேரும் என்பதற்குப் பக்கத்து மதராஸ் மாகாணத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 1919-ல் அங்கே அரசு விசாரித்துப் பார்த்தது. பொது நிர்வாகத்தில் இருந்த 8157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தவை 609 மட்டுமே. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம் அக்கிரகாரத்தில் இருக்கிறது, சாவடியில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது. வாடகைக் கட்டடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. வாத்தியார் மனம் வைத்தாலும் சட்டம் இடம் கொடுத்தாலும், திண்ணைக்குச் சொந்தக்காரன் முடியாது என்றால் பிள்ளை வெளியேதான் நிற்க வேண்டும். எல்லாரும் வர முடியாத இடத்தில் இனிப் பொதுப் பள்ளி வைக்கக் கூடாது என்று உள்ளாட்சிகளுக்கு அப்போது சொல்லப்பட்டது. பள்ளிக்கு இடம் பிடிப்பதில் நான் அறிந்த முதல் நெறி இதுதான்: குறைந்த வாடகை, வசதியான தெரு என்பதெல்லாம் அப்புறம். எல்லாப் பிள்ளையும் கால் வைக்கக்கூடிய இடமா என்பதே முதல் கேள்வி.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் புலையர் தலைவர் அய்யன்காளி. வெங்ஙானூரில் 1904-ல் தம் மக்களுக்காக அவர் ஒரு கொட்டகைப் பள்ளி எழுப்பினார். எதிரிகள் அதை எரித்தார்கள். மறுபடி கட்டினார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். சர்க்கார் பள்ளிகளில் புலையர் பிள்ளைகளைச் சேர்க்க ஆணை வந்த பிறகும் பள்ளிகள் கதவைத் திறக்காதபோது, விவசாயக் கூலிகள் வயலில் இறங்க மறுத்தார்கள். பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் இல்லையென்றால் உங்கள் வயலில் நாற்று இல்லை என்று சொன்ன வேலைநிறுத்தம் அது. உலகத் தொழிலாளர் வரலாற்றில் பள்ளிக்கூடத்துக்காக நடந்த வேலைநிறுத்தங்களைத் தேடினால் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

1910-களில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குள் அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடமே எரிந்தது. பாதி எரிந்த ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கிறார்கள். பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் சர்க்காருடையது, ஆணை சர்க்காருடையது, ஆனால் அந்த இடம் தங்களுடையது என்று ஊர்ப் பெரிய சாதிகள் நினைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைத் தாங்களே எரிக்கும் அளவுக்கு அந்த நினைப்பு போனது.

பக்கத்துச் சபை, பக்கத்துச் சாதி

மாதவ ராவ் 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தார். அந்தக் காலத்தில் சர்க்கார் தன் பள்ளிகளைப் பெருக்கியதோடு தனியார் பள்ளிகளுக்கும் மானியம் தரத் தொடங்கியது. மானியம் வந்ததும் போட்டியின் குணமே மாறியது. பிள்ளைகளின் எண்ணிக்கை பணமாக மாறக்கூடிய ஏற்பாட்டில், பக்கத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை நம் மானியத்தைக் கொண்டுபோகிற பிள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 1910-ன் கல்வி விதித்தொகுப்புக்குப் பிறகு பள்ளி நடத்துவோர் விதிகளுக்கு இன்னும் நெருக்கமாகக் கட்டுப்பட வேண்டியிருந்தது. கைக்காசு இல்லாதவர்கள் திணறினார்கள்.

மிஷன் சபைகள் இப்படிப்பட்ட சண்டையைத் தவிர்க்கத் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன. தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷனுக்கு. வடக்கே ஆலப்புழை, கோட்டயம் பக்கம் சர்ச் மிஷனுக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் பள்ளி தொடங்குவதில்லை. இந்த ஒப்பந்தத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பணமும் ஆளும் வீணாகாமல் பரவலாக ஊர்களுக்குப் போயிற்று என்பது நல்லது. ஊர் மக்களுக்குத் தேர்ந்தெடுக்க வேறு பள்ளி இல்லை, உபதேசியார் ஏதாவது தப்புச் செய்தால் போக்கிடம் இல்லை என்பது கெட்டது. 1890-களில் இரட்சண்ய சேனை தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தது. 1907-ல் லூத்தரன் மிஷன் நாகர்கோவிலில் வேலை தொடங்கியது. பிஷப் பென்சிகர் காலத்தில் கத்தோலிக்க சபையும் நெய்யாற்றின்கரைப் பக்கம் வேகமாகப் பரவியது. ஒரு சபையோடு மனத்தாங்கல் கொண்ட குடும்பங்கள் மொத்தமாக அடுத்த சபைக்குப் போவதும், போகும்போது எங்களுக்கொரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்பதும் அந்தக் காலத்து வழக்கம்.

போட்டி சபைகளோடு நிற்கவில்லை. நாராயண குரு 1888-ல் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் இதே நெய்யாற்றங்கரையில்தான் இருக்கிறது. 1903-ல் ஈழவரின் எஸ்.என்.டி.பி. யோகமும் 1914-ல் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் பிறந்தன. எங்கள் சமுதாயத்துக்கென்று ஒரு பள்ளி என்பது ஒவ்வொரு கூட்டத்துக்கும் மானப் பிரச்சினையாயிற்று. இதைக் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். அந்த மான உணர்ச்சிதான் மூங்கில் வெட்டியது, கல் சுமந்தது, பிடியரிசி சேர்த்தது. கேரளம் இன்று எழுத்தறிவில் நிற்கும் உயரத்துக்கு அந்தப் போட்டியும் ஒரு படிக்கட்டு.

சட்டம் வந்த வழி

1945-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் துவக்கக் கல்வி முழுவதையும் சர்க்கார் கைக்குக் கொண்டுவரப் பார்த்தார். சங்ஙனாச்சேரி பிஷப் ஜேம்ஸ் காளாச்சேரி அதை எதிர்த்துச் சபைகளுக்கு இடையலேகனம் (ஆயர் மடல்) எழுதினார். சமஸ்தானமே அதிர்ந்தது. ஆனாலும் அந்த ஆண்டுகளில் சிறிய மேனேஜர்கள் பலர் தங்கள் பள்ளியைச் சர்க்காருக்கு விட்டுக் கொடுத்தார்கள். பத்திரத்தில் ஒரு சக்கரம் விலை போட்டு எழுதிக் கொடுத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இருபத்தெட்டுச் சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்பேர்ப்பட்ட ஒரு சக்கரத்துக்குக் குடும்ப நிலத்தை எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது. விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் அது கேரளத்தில் நின்றது. 1959-ல் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டாயிற்று. ஒரே மிஷன் நட்ட பள்ளிகள் இரண்டு சட்டங்களின் கீழ், இரண்டு மொழிகளில் நடக்கத் தொடங்கின. களியக்காவிளைக்கு இப்புறம் இருக்கிற பள்ளியும் அப்புறம் இருக்கிற பள்ளியும் அதன் பிறகு வேறு வேறு வரலாறு கொண்டவை ஆயின.

கேரளக் கல்விச் சட்டத்தை எழுதியவர் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. மசோதா 1957 செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22-ல் நீதிமன்றம் சில பகுதிகளில் குறை கண்டது. திருத்தப்பட்டு 1959-ல் அது சட்டமானது. அதே ஆண்டு முண்டசேரி இருந்த அமைச்சரவைக்கு எதிராக விமோசனப் போராட்டம் மூண்டு, ஜூலை 31-ல் அந்த அமைச்சரவையே கலைக்கப்பட்டது. ஆசிரியர் நியமனத்தை மேனேஜர் கையிலிருந்து எடுக்கும் விதியின் மேல்தான் எல்லாருடைய கோபமும் இருந்தது. அந்த விதி நிலைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு விதிகள் இன்றும் நிற்கின்றன. என் கணிப்பில் பிள்ளைகளுக்கு அதிகம் நன்மை செய்தவை அவைதான்.

ஒன்று, 6-ஆம் பிரிவு. எய்டட் பள்ளியின் சொத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மற்றது 7-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. மேனேஜர் பள்ளியை மூட நினைத்தால், மே 31-ல் முடியும்படி ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். மண் மேனேஜருடையது, ஆனால் அவர் இஷ்டத்துக்கு அல்ல என்று இந்த இரண்டும் சொல்கின்றன.

புதிய பள்ளி தொடங்கவும் கேரளக் கல்வி விதிகள் ஒரு முறை வகுத்தன. எந்த ஊரில் பள்ளி தேவை என்று துறை முதலில் பட்டியல் போட வேண்டும். சுற்றியுள்ள பள்ளிகள், அவற்றில் உள்ள பிள்ளைகள், தூரம் எல்லாம் பார்க்க வேண்டும். பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். இறுதிப் பட்டியல் வந்த பிறகே மேனேஜர்கள் மனுப் போட வேண்டும். அதாவது தேவை முதலில், நிலக்காரர் பிறகு. நடைமுறையில் இந்த வரிசை பல தடவை தலைகீழானது உண்மை. ஆனாலும் விதி சரியான விதி.

இரண்டு மேனேஜர்கள்

நான் சேர்ந்த 1970-களில் எங்கள் பள்ளி நீளமான ஓர் ஓலைக் கொட்டகை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டி மட்டும். மூன்றாம் வகுப்பில் வாய்பாடு சொன்னால் நான்காம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். ஒவ்வொரு மே மாதமும் ஓலை மாற்றி மேய்ந்து, கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும். இடவப்பாதி மழையும் அதே நேரம் இறங்கும். புது ஓலையின் மணமும் நனைந்த சிலேட்டின் மணமும் கலந்து வந்தால் கல்வியாண்டு பிறந்துவிட்டது என்று பொருள்.

ஒரு வருஷம் ஜூன் காற்றில் கூரையின் ஒரு பக்கம் அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. எங்களுக்கு எதிரே, நடந்து போகும் தூரத்தில், வேறொரு சமுதாயத்தார் நடத்திய பள்ளி. பிள்ளை பிடிப்பதில் இரண்டு பள்ளிக்கும் தீராத போட்டி. அதன் மேனேஜர் பழைய பலசரக்குக் கடைக்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

“டீச்சரே, பிள்ளைகள நனைய விடாண்டாம். ரெண்டு முறி ஒழிச்சுத் தரச் சொல்லியிருக்கேன். அங்க கொண்டு வாங்க.”

எங்கள் தலைமையாசிரியர் தயங்கினார். பிள்ளைகள் அங்கே போனால் அங்கேயே தங்கிவிடுவார்களோ என்ற பயம். மேனேஜருக்கு அது புரிந்தது. “சாரே, உங்க ரெஜிஸ்டர நீங்க எடுத்திட்டு வாங்க. உங்க பிள்ளைக்க பேரு எங்க புஸ்தகத்தில ஏறாது. அது என் வாக்கு” என்றார். கூரை சரியாகும் வரை நாங்கள் அங்கே வகுப்பு நடத்தினோம். ஒரு பிள்ளையின் பெயரும் மாறவில்லை. வாடகை என்று எங்கள் மேனேஜர் கொடுக்கப் போனதை அவர் வாங்கவில்லை.

பிறகு எண்பதுகளில் ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை உயர்த்திக்கொள்ள இரண்டு மேனேஜர்களும் விரும்பினார்கள். வகுப்பு உயர்ந்தால் புதிய ஆசிரியர் பணியிடங்கள் வரும். பணியிடம் என்றால் மேனேஜருக்கு என்ன வருமானம் என்பது கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்காகக் கோர்ட் ஏறிய மேனேஜர்கள் உண்டு, பொய்ச் சேர்க்கை எழுதியவர்கள் உண்டு. எங்கள் மேனேஜர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். நம்மிடம் இருக்கும் இடத்தில் இன்னும் மூன்று வகுப்பு கட்டினால் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு சாண் மண் மிஞ்சாது. எதிரே விளையாட்டு மைதானத்துக்கு இடம் இருக்கிறது. நாம் மனுப் போட வேண்டாம் என்றார். எதிர்ப் பள்ளி உயர்ந்தது. எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே ஐந்தாம் வகுப்புக்குப் போனார்கள். அதற்குப் பதிலாக எங்கள் தெருக்களில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கேட்டு அவர்கள் வரவில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் இருந்த வரை அது நின்றது.

ஆறாவது நாள்

இரண்டு பேரும் போன பிறகு காலம் மாறியது. தொண்ணூறுகளில் ஆங்கில வழிப் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகள் ஊருக்குள் வந்தன. வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் இருந்த இடத்தில் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. கேரளத்தில் ஜூன் மாதத்து ஆறாவது வேலைநாளில் தலையெண்ணல் நடக்கும். அன்றைய எண்ணிக்கையை வைத்து எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். ஏப்ரல், மே மாதங்களில் டீச்சர்மார் வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போக ஆரம்பித்தது இதனால்தான். பை தருகிறோம், குடை தருகிறோம், வண்டி விடுகிறோம் என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று நான் என் ஆசிரியைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நம் பள்ளியில் நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பக்கத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒழுகும் கூரைக்கு அடியிலும் நம் ஊர்ப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகள் குறையக் குறைய, மண்ணின் விலை ஏறியது. புறவழிச்சாலை காரோடு வரை வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு சென்ட் நிலத்தின் விலை கேட்டால் பழைய மேனேஜர்கள் நம்ப மாட்டார்கள். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. கோழிக்கோடு மலாப்பறம்பில் 2014 ஏப்ரலில் ஓர் எய்டட் யு.பி. பள்ளியின் கட்டடம் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. ஊர் மக்கள் கூடி மறுபடி கட்டினார்கள். வழக்கு நடந்து 2016 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் பள்ளி பூட்டப்பட்டபோது, பிள்ளைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு அழைத்துப் போய் வகுப்பு நடத்தினார்கள். கடைசியில் சர்க்கார் அந்தப் பள்ளியையும் வேறு மூன்று பள்ளிகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. மேனேஜரும் மூட உரிமை கேட்டார், பிள்ளைகளும் படிக்க உரிமை கேட்டார்கள். இரண்டும் மோதினால் எது முதலில் என்பதை அந்த ஊர்க்காரர்கள் செங்கல் சுமந்து சொன்னார்கள்.

இட நெருக்கடியில் நெறி தவறினால் வரும் இன்னொரு முடிவு இதைவிடக் கொடியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மேல்தளத்துக் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் வகுப்பில் நின்று எங்கள் தட்டிகளைப் பார்த்தேன், வாசல்களை எண்ணினேன். எத்தனை பிள்ளைகளை ஒரு கூரைக்குள் அடைக்கலாம் என்பதை வருமானக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் 1991-ல் மின்னசோட்டா மாநிலம் சார்ட்டர் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. நம் எய்டட் பள்ளிக்குக் கிட்டத்தட்ட உறவு அது: பொதுப்பணத்தில் தனி நிர்வாகம். அங்கே பணம் கிடைத்தது, பிள்ளைகள் கிடைத்தார்கள், கட்டடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியா 2000-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், பொதுப் பள்ளிகளின் இடத்தைச் சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் பகிர வேண்டும் என்று விதி செய்தது. நியூயார்க் 2014-ல், புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கு நகரம் இடம் தர வேண்டும், இல்லையேல் வாடகைக்கு உதவ வேண்டும் என்றது. ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி இரண்டு பள்ளிகள் நடந்து, நூலகம் யாருக்கு எந்த நேரம், உணவுக்கூடம் யாருக்கு எந்த நேரம் என்று பெற்றோர் சண்டை போட்டுக்கொண்டார்கள். அங்கும் சட்டம் இடத்தைப் பகிர்ந்து கொடுத்தது, பக்கத்து வகுப்புப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கும் மனத்தை எந்தச் சட்டமும் கொடுக்க முடியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது

இருநூறு ஆண்டுக் கதை இப்போது புரண்டு படுத்திருக்கிறது. அன்று பிள்ளைகள் இருந்தார்கள், கூரை இல்லை. இன்று எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் கூரை இருக்கிறது, ஓடு இருக்கிறது, கான்கிரீட் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. காலியான வகுப்பறைகளில் உடைந்த பெஞ்சு அடுக்கி வைத்திருக்கிறது. அதே ஊரில் அங்கன்வாடி வாடகை முறியில் நடக்கிறது. அடுப்புப் புகை வரும் ஒற்றை அறையில் மூன்று வயதுப் பிள்ளை தூங்குகிறது. வேலை தேடி வடக்கேயிருந்து வந்திருக்கும் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் உட்கார்ந்து எழுத இடமில்லை.

காலி வகுப்பறையை அங்கன்வாடிக்குக் கொடுங்கள் என்று மேனேஜர்களைக் கேட்கிறேன். 6-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும் என்றால், அனுமதி கேட்டு வந்த மனுவைத் துறை கிடப்பில் போடாமல் உடனே அனுமதி தரட்டும். வாடகை வேண்டாம், கட்டடப் பராமரிப்பைப் பஞ்சாயத்து ஏற்கட்டும். புதிய பள்ளிக்கோ உயர்வுக்கோ மனுப் போடும் முன் மேனேஜர் பக்கத்து மூன்று பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அழைத்து ஒரே மேசையில் உட்காரச் சொல்லட்டும். தலையெண்ணலுக்காகப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையை இழுப்பதை ஆசிரியர் சங்கங்களே தடுக்கட்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மண் பிள்ளைகளுக்கே, நூலகமாகவோ மைதானமாகவோ, நிற்கட்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சக்கரத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர்களும், மழையில் எதிர்ப் பள்ளிக்கு முறி ஒழித்துக் கொடுத்தவரும், மைதானம் பெரிது என்று போட்டியிலிருந்து விலகியவரும் இதே ஊர்க்காரர்கள்தான். அவர்கள் ஒருவரும் பணக்காரர் இல்லை. பள்ளிக்கூடம் நிற்கும் மண் தங்கள் பெயரில் இருந்தாலும் தங்களுக்கானது அல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதை அறிந்த மேனேஜர்கள் எத்தனை பேர் போட்டி போட்டாலும் ஊருக்குக் கேடு வராது. அறியாத ஒருவர் போட்டியே இல்லாமல் நடத்தினாலும் பிள்ளைகளுக்கு நன்மை வராது.